ஈரல் வாசற்காவலனும் இருநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கனும்

வாழ்க ஜெயகரன். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே கல்விக்கடலுக்குப் புறமுதுகு காட்டிக் கரையேறியவன். சுரங்க ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் சிறுநீர்க்குப்பிகளின் பெருநிலக்கிழான். ஸ்பிரிட் கமழும் கரத்தினன். சீப்புக்கு அடங்காச் சிகையினன். தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த தங்கவயலின் வெண்ணிறச் சயனைடு மண்மேடுகளே, நீங்கள் மழைக்குக் கரையாமல் நிற்பது போல அவன் புகழும் நிற்க, இக்காதைக்குக் காப்பாகுங்கள்.

அவன் போருக்குப் புகுந்த காரணம் இது. ஈரல் செல்லின் மேற்புறத்தில் ஒரு புரதம் நிற்கிறது. படித்தவர்கள் அதை ரிசெப்டர் என்பார்கள். உடம்பெங்கும் சுற்றிச் சுற்றி முனை தேய்ந்துபோன பழம்புரதங்களை அடையாளம் பார்த்துப் பிடித்து, ஈரலுக்குள் தள்ளிக் கதவடைக்கும் வாசற்காவலன் அது. அக்காவலன் எங்கே நிற்கிறான் என்று கண்டறிய, வேறெவரையும் தொடாமல் அவனை மட்டுமே பற்றிக்கொள்ளும் ஒற்றன் ஒருவன் வேண்டும். அந்த ஒற்றனுக்குப் பெயர் ஆன்டிபாடி. அவன் பிறக்குமிடம் முயலின் ரத்தம். எலியீரலிலிருந்து பிரித்த காவலனை முயலுக்கு ஊசியாகப் போட்டுக் காத்திருந்தால், முயல் தன் ரத்தத்தில் ஒற்றனைப் பெற்றுத் தரும்.

பெங்களூர் டாக்டர் தாமோதரனின் முயல்களோ ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. தங்கவயலில் எதுவும் லேசில் சாகாது என்று யாரோ சொன்னதை நம்பி, 1975ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்து ஜெயகரனிடம் ஒப்படைத்தார். "கட்டுரையில உன் பேரும் வரும், பார்க்கலாம்" என்றார். முதல் பாதி ஜெயகரனின் நெஞ்சில் கல்வெட்டாய்ப் பதிந்தது. 'பார்க்கலாம்' அவன் காதுக்குள் போகவே இல்லை. அச்சில் ஏறிய தன் பெயரைக் கல்லூரி முதல்வரின் மேஜைமேல் போட்டுவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி நடப்பதாக ஒன்பது வாரம் கனாக்கண்டு, ஒன்பது வாரமும் ஊசி போட்டு, கேரட் நறுக்கி, புழுக்கை வாரினான்.

முயலுக்கு எண் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெயகரனின் தந்தை மாணிக்கராஜ் சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கும் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாளில் திருப்பித் தர மறந்த அவருடைய பித்தளை டோக்கன், 212 என்று பொறித்தது, ஆறு வருஷமாக வீட்டு ஆணியில் தொங்கியது. அதையே நூலில் கோத்து முயலின் கழுத்தில் அணிவித்தான். தங்கவயலில் பிறந்தவனுக்கு எண் என்றால் டோக்கன்தான். வேறு யோசனை வராது.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. மூன்று மணிக்கு டாக்டர் ஐஸ் பிளாஸ்க்குடன் வருவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்குப் பாதாளத்தில் பாறை வெடித்தது. ஊரே ஒருமுறை குலுங்கி, வழக்கம்போல அதைச் சட்டை செய்யாமல் வேலையைப் பார்த்தது. கூண்டின் கொக்கி மட்டும் கழன்றது. கறிவேப்பிலைச் செடிகளைத் தாவி, பிணவறைத் திண்டைத் தாவி, செவிகளே கொடிகளாய், டோக்கனே போர்மணியாய் ஒலிக்க, அம்மாவீர முயல் சயனைடு மேட்டில் ஏறியது.

வெள்ளை மேட்டில் வெள்ளை முயல். எங்கே தேடுவது? கடலில் விழுந்த உப்பைத் தேடுபவன்போல் ஜெயகரன் நான்கு கால்களால் மேடேறி, மூன்று கால்களால் சறுக்கி, வெண்பொடி பூசிய பூதமாய் எழுந்து, முயலென்று எண்ணி ஒரு காகிதப் பையின்மீதும், முயலென்றே எண்ணி யாரோ எறிந்த பனியன்மீதும் பாய்ந்தான். மூன்றாம் பாய்ச்சலில் முயலே அகப்பட்டது. அகப்பட்ட முயல் பின்னங்கால் இரண்டாலும் அவன் முன்கையில் ஏர் உழுதுவிட்டு, மேட்டின் மறுபுறம் இறங்கி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட்டை ஒட்டிய விளக்கறைக்குள் புகுந்தது. அது புகுந்ததை அவன் காணவில்லை. அவன் கண்ணில் மண்.

விளக்கறையின் வேந்தன் வேலாயுதம். சுரங்கத்தில் இறங்குபவன் அவனிடம் டோக்கனைத் தந்து விளக்கை வாங்கவேண்டும். மேலே வந்ததும் விளக்கைத் தந்து டோக்கனை வாங்கவேண்டும். பலகை ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். இருபது ஆண்டு இவ்வறத்தைப் பிறழாது காத்த வேலாயுதம், காலடியில் வந்து நின்ற முயலைக் கண்டான். ஞாயிற்றுக்கிழமையைக் கண்டான். மிளகைக் கண்டான். முயலைக் கூடைக்கடியில் கவிழ்த்தான். டோக்கனை என்ன செய்வது? கைக்கு வந்த டோக்கன் ஆணிக்குப் போகவேண்டும். கை தானாகவே அதை 212ஆம் ஆணியில் மாட்டியது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மேலே வந்தது. நானூறு பேர் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்கினார்கள். ஒன்று மிஞ்சியது. கணக்கு நேராகும்வரை வாசற்கதவு திறக்காது என்பது சட்டம். நானூறு வயிறுகள் ஒரே குரலில் முழங்கின. ஷிப்ட் பாஸ் சுந்தரராஜ் பதிவேட்டைப் புரட்டி, 212 மாணிக்கராஜ் என்று கண்டு, இரண்டு பேரைக் கேஜ் லிப்ட்டில் கீழே அனுப்பினார். ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்குப் போனவர் மாணிக்கராஜையே கையோடு அழைத்துவந்தார்.

"இன்னாபா, நான் இங்க தானே நிக்கிறேன்" என்றார் மாணிக்கராஜ், தூக்கம் கலையாமல்.

"நீ நிக்கிறது தெரியுது மேஸ்திரி. டோக்கன் உள்ள கீதே" என்றார் சுந்தரராஜ்.

"டோக்கன் உள்ள இருந்தா நான் உள்ள இருக்கணுமா?"

"ரூல் அப்பிடித்தான் சொல்லுது. கேஜ் மேல வரட்டும், தேடிக்கினு கீறாங்க."

"எட்டுறவரைக்கும் தேடுங்க. கெடைச்சா என்னையும் கூப்டுங்க, நானும் பாக்கணும்."

வரிசையில் ஒருவன் சிரித்தான். "மேஸ்திரி, உள்ள ஓவர்டைம் பாக்கிறீங்களா?" என்றான் இன்னொருவன். வேலாயுதம் கூடையை மறைத்து நின்றான். உண்மையைச் சொன்னால் குழம்பு போய்விடும். நா எழுந்தது, மிளகு அதை அடக்கியது.

அப்போது, மேடெங்கும் தேடி அலைந்துவிட்டுக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டு வாசலில் வந்து நின்றான் ஜெயகரன், தலைமுதல் கால்வரை வெள்ளையாய், கையில் ரத்தம் உறைய. பலகையில் 212ஐக் கண்டான். அனைத்தும் விளங்கியது. வாய் திறந்தால் சுரங்க டோக்கனை முயலுக்கு மாட்டியவன் என்று நானூறு பேர் ஆயுள் முழுதும் சிரிப்பார்கள். திறக்காவிட்டால் மூன்று மணி, பிளாஸ்க் வெறுமையாய்த் திரும்பும், பெயர் போகும். நெஞ்சு நிமிர்த்தி, இடிபோல் அவன் பிரகடனம் செய்தான்:

"அது எங்க நைனா இல்ல. என் முயலு."

"இன்னா முயலு? முயலெல்லாம் இங்க எதுவும் வர்ல" என்றான் வேலாயுதம்.

கூடைக்குள் முயல் பின்னங்காலால் தரையில் ஓங்கி அறைந்தது. மீண்டும் அறைந்தது. நானூறு தலைகள் கூடையை நோக்கித் திரும்பின.

"அப்ப இது இன்னாண்ணா, உன் சாப்பாட்டு டப்பாவா?" என்றான் வரிசைக்காரன்.

முயல் மீண்டது, சட்டம் மீளவில்லை. விளக்கு வராமல் டோக்கனைக் கழற்றக்கூடாது. ஆகவே சுந்தரராஜின் ஆணைப்படி மாணிக்கராஜுக்கு ஒரு விளக்கு வழங்கப்பட்டு, பதிவேட்டில் ஏற்றப்பட்டது. அவர் அதைக் கையில் வாங்கி, ஒரு சுற்றுத் திரும்பி, அதே ஜன்னலில் திருப்பிக் கொடுத்து, ஆறு வருஷத்துக்குப் பின் பாதாளத்திலிருந்து முறைப்படி மீண்டார். தேடப் போன இருவரும் கேஜில் மேலேறினார்கள், கதவு திறந்தது. நானூறு பேர் சோற்றை நோக்கிப் படையெடுத்தார்கள். மாணிக்கராஜ் டோக்கனை மகனிடம் நீட்டினார். "இந்தா. அதுகிட்டயே இருக்கட்டும். என்னைவிட அதுக்குத்தான் இங்க மதிப்பு."

மூன்றடிக்க ஐந்து நிமிடம். தன் ரத்தத்தைத் துடைக்க மறந்து, முயலின் காதோர நரம்பில் ஊசியிட்டு, துளித்துளியாய்ச் செம்மணிகளைக் குப்பியில் கோத்தான் ஜெயகரன். ஈரல்தோறும் சென்று காவலனைக் கண்டு சொல்லப்போகும் கோடானுகோடி ஒற்றர்கள் அதில் அணிவகுத்து நின்றார்கள். டாக்டர் வந்தார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒள்ளேது" என்று கன்னடத்தில் மெச்சி, "சரியா வந்திருக்கு" என்றார். "கையில என்னப்பா?"

"முயல் பிறாண்டிடுச்சு சார்."

"டெட்டால் போட்டுக்கோ."

பிறகு குப்பியில் ஒட்டும் சீட்டு ஒன்றை எடுத்தார். ஒன்பது வாரமும் காத்திருந்த கண்களின் முன்னால் பேனா இறங்கியது. முதல் வரியில் தேதி. இரண்டாம் வரியில் டாக்டர் தாமோதரன். மூன்றாம் வரிக்கு வந்து பேனா நின்றது. தங்கவயலின் மண்மேடுகள் மூச்சடக்கின. பாதாளத்துப் பாறைகள் வெடிக்காமல் பொறுத்தன. முயலின் கழுத்தைப் பார்த்து அவர் 212 என்று எழுதினார். சீட்டில் அதற்குமேல் வரி இல்லை. ஐஸ் கரைவதற்குள் போகவேண்டும் என்று பிளாஸ்க்கை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜெயகரன் கூண்டைக் கழுவப் போனான்.