ஈசலுக்கு ஆமை வாங்கிக் கொடுத்த வாய்தா

ஒரு காட்டில் ஓர் ஆமை வக்கீலாக இருந்தது. யாரோ எவரோ என்று நினைத்துவிடாதீர்கள், அடியேன்தான். கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வருவதற்கு ஒரே காரணம், இந்த ஆள் எங்கேயும் ஓடிவிட மாட்டான் என்ற நம்பிக்கை.

மழை விட்ட ஒரு சாயங்காலம், மழையப்பன் என்ற ஈசலைப் பிடித்துவந்து கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து உள்ளே அடைத்தார்கள். எங்கள் காட்டில் அதுதான் லாக்கப். பிராது கொடுத்தது நல்லபாம்பு. தான் குடியிருக்கும் புற்றில் ஓட்டை போட்டுக்கொண்டு மழையப்பன் வெளியே வந்துவிட்டானாம், வீடு ஒழுகுகிறதாம்.

"அந்தப் புத்தைக் கட்டுனதே எங்க சனந்தானுங்க வக்கீலய்யா! எங்க வீட்ல இருந்து நான் வெளிய வந்தது ஒரு குத்தமா?" என்று உள்ளேயிருந்து கத்தினான் மழையப்பன். "சீக்கிரம் விடச் சொல்லுங்க. எல்லாரும் பறக்குறாங்க. நானும் பறக்கணுங்கய்யா."

வெளியே ஈசல் கூட்டம் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தது. அவன் இறக்கை கொட்டாங்குச்சியில் படபடவென்று அடித்தது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் காட்டுச் சட்டப்படி, பிடித்த அன்றே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும். அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று எதிரியே, அதாவது பிடிபட்டவனே, சொன்னால்தான் தள்ளிவைக்கலாம். நீதிபதி ஆந்தை வந்து உட்கார்ந்ததும், "பாம்பு எங்கே?" என்று கேட்டது.

"குளிருக்கு இதமாச் சுருண்டு தூங்குதுங்க," என்றது டவாலி காக்கை.

"பிராது கொடுத்தவரே வரலை. என்ன வக்கீல் சார், தள்ளுபடி பண்ணிடலாமா?"

புத்தியுள்ள எவனும் இந்த இடத்தில் தலையை ஆட்டியிருப்பான். நானோ சட்டம் படித்தவன். வந்த அன்றைக்கே வழக்கு முடிந்தால் அப்புறம் வக்கீல் எதற்கு என்று காடு கேட்காதா?

"கனம் நீதிபதி அவர்களே, எங்களுக்கு அவசர விசாரணை வேண்டாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். புற்று கட்டியதை நேரில் பார்த்த சாட்சியை நான் தேட வேண்டும்."

ஆந்தை கொட்டாங்குச்சிப் பக்கம் குனிந்தது. "தம்பி, இதுல உனக்குச் சம்மதமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

மழையப்பன் என்னைக் கேட்டான். "அடுத்த வாய்தா எப்பங்கய்யா?"

"தையில."

"தைன்னா என்னங்கய்யா?"

அன்றுதான் உலகத்தைப் பார்த்தவன், அவனுக்கு எப்படித் தெரியும்? "இந்தா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துரும் கண்ணு," என்றேன். என் கணக்கில் அது பொய்யே இல்லை. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தை.

"பெரியவங்க நீங்க சொன்னா சரிதாங்க," என்றான். இறக்கைச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தை பிறந்தது. நானும் சாட்சியோடு ஜம்மென்று போய் நின்றேன். சாட்சி என் பெரியப்பா. புற்றின் முதல் மண்ணையே பார்த்த ஆமை. காக்கை கூப்பிட்டது: "மழையப்பன்! மழையப்பன்! மழையப்பன்!" கொட்டாங்குச்சியை நிமிர்த்தினார்கள். நாலு இறக்கை கிடந்தது.

"என்ன வக்கீலய்யா, ஈசலுக்கு ஆயுசே ஒரு பொழுதுதானே. இதுகூடவா தெரியாது?" என்றது காக்கை.

தெரியாது. சட்டத்தைக் கேளுங்கள், தலைகீழாக ஒப்பிப்பேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதுதான் தோன்றவில்லை. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். வக்கீலுக்கு ஓடு இருப்பதில் இது ஒரு சௌகரியம்.

எதிரி இல்லாததால் வழக்கு முடிந்ததென்று ஆந்தை சொல்லிவிட்டது. பாம்பு கொட்டாவி விட்டபடி மழையப்பன் வீட்டுக்குத் தூங்கப் போனது.

என் பெயர் மட்டும் கெடவில்லை. "இவர் நடத்திய வழக்கில் இதுவரை ஒருத்தருக்கும் தண்டனை கிடைத்ததில்லை" என்று காடே பேசுகிறது. உண்மைதான். தீர்ப்பு வரைக்கும் ஒருத்தரும் இருந்ததில்லை. வாசலில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்திருக்கிறது. சீக்கிரம் முடியுமா என்று கேட்கிறது. என்ன அவசரம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீதி: வழக்கில் தோற்காமலிருக்க வக்கீலுக்குத் திறமை வேண்டியதில்லை, கட்சிக்காரரைவிட ஆயுசு கெட்டியாக இருந்தால் போதும்.