மேல்மாடிச் சாவியும் ஆறு கட்டமும்

கடலோரமா இருக்குற கெலுகோர்ல ஒரு தனியார் காலேஜ் ஹாஸ்டல். அங்க போன மாசம் ‘எதிர்காலப் பிரிவு’ன்னு ஒண்ணு தொறந்தாங்க. இப்பெல்லாம் எதிர்காலம் இல்லாத ஆபீஸ யாரு ஆபீஸா மதிக்கிறா? மாண்புமிகு நிர்வாகம் பத்து ஃபெரிங்கிங்கிற கடற்கரை ஊரு ரிசார்ட்ல மூணு நாள் உக்காந்து தீர ஆலோசிச்சு, அந்தப் பிரிவுக்கு ஒரு மேசை, ஒரு ஏர்கான், மோகனராஜ்னு ஒரு அதிகாரி, மூணையும் வழங்கி மகிழ்ந்துச்சு.

புதன்கிழமை காலையில அந்த மேசை முன்னால அதிரா போய் நின்னா. கட்டடக்கலை, கடைசி வருஷம், கீழ்மாடி ரூம். நாலு மாசமா அட்டையும் குச்சியுமா ஒட்டிக் கட்டின மாடல் ஒண்ணு அவ ரூம் தரைய அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. திங்கக்கிழமை அத வச்சுத்தான் பாஸா ஃபெயிலான்னு சொல்லுவாங்க.

“அண்ணே, வெள்ளிக்கிழமை கடல் ஏறுது. மழை வேற. ரெண்டும் சேந்தா லோங்காங் சாக்கடைத் தண்ணி நேரா என் ரூமுக்குத்தான் வரும். மூணு தடவ வந்துருச்சு. மேல்மாடி காலி ரூம் சாவி உங்க பின்னால ஆணியில தொங்குது. குடுங்கண்ணே.”

மோகனராஜ் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு விண்ணப்பப் பாரத்த நீட்டினாரு. அதுல ஆறு கட்டம்.

“தண்ணி வரும்னு சொல்றியே தங்கச்சி, எந்த முறைப்படி சொல்ற? டிக் பண்ணு.”

“ஃபோர்காஸ்ட்.”

“அது தகவல் சேத்து ஆராஞ்சு சொல்றது. மழை, வெயில், வியாபாரம். நீ என்ன வானிலை ஆபீஸா?”

“சரி, பிரிடிக்ட்.”

“அது காரணத்தோட அறிவா சொல்றது. டாக்டர் பட்டம் இருக்கா?”

“புரொஜெக்‌ஷன்?”

“போன கணக்கு இப்படியே போனா எங்க போய் நிக்கும்னு நீட்டிப் பாக்குறது. கிராஃப் எங்க?”

அதிரா ஃபோன்ல படம் காட்டினா. சுவத்துல மூணு தண்ணிக் கறை, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. “இந்தாங்க கிராஃப்.”

“சுவரெல்லாம் ஏத்துக்க மாட்டோம்லா.”

“ஃபோர்ஸீ?”

“மேனேஜருக்குக் கீழ யாருக்கும் எதுவும் முன்கூட்டித் தெரியக் கூடாது.”

“பிராஃபசி?”

“தெய்வ வாக்கு. கோயில் முத்திரை, சாப், அடிச்ச கடுதாசி வேணும்.”

மிச்சம் ஒண்ணுதான். கெஸ்.

“அது குருட்டாம்போக்கு. அதுக்கெல்லாம் சாவி குடுத்தா ஆபீஸ் என்னத்துக்கு?”

அதிராவுக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. “ஆன்டிசிபேட்னு ஒரு வார்த்த இருக்கேண்ணே? வரப்போறது தெரிஞ்சு, முன்னாடியே வேலையப் பாக்குறது. அதுக்குக் கட்டம் எங்க?”

மோகனராஜ் பாரத்தப் பொறட்டிப் பொறட்டிப் பாத்தாரு. பாவம், உண்மையிலேயே தேடினாரு.

“அந்த வார்த்த இந்த ஆபீஸ்ல இல்ல தங்கச்சி.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடல் பாரம் எதையும் நிரப்பாமலே ஏறுச்சு. அதிரா மாடலத் தூக்கிக் கட்டில்ல வச்சா. தண்ணி கட்டிலையும் விடல. நாலு மாசத்து வேலை கஞ்சியாக் கரைஞ்சு வாசல் வழியாப் போச்சு.

சனிக்கிழமை காலையில அவ கதவு முன்னால ஒரு கூட்டம். கேன்டீன் கோமதி அக்கா, வார்டன் மெய்யநாதன், முன்னால பேன்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு மோகனராஜ். மன்னிப்புக் கேக்க வந்துருக்காங்கன்னு அதிரா நெனச்சா.

“தங்கச்சி, நீ சொன்ன நாளு, சொன்ன ரூமு, அச்சு அசலா பலிச்சிருச்சே!”

“இப்பவாவது சாவியக் குடுங்க.”

“சாவி கெடக்கட்டும். இன்னிக்கு லாட்டரி நம்பர் குலுக்குறாங்க.” மோகனராஜ் குரலத் தாழ்த்தினாரு. “உன் வாயால ஒரு நாலு நம்பர் சொல்லேன்.”

“எந்தக் கட்டத்துல டிக் பண்ணட்டும்?”

“ஐயோ, இதுக்கு எதுக்குலா பாரம்!”

அதிராவுக்குக் கண்ணெல்லாம் செவந்துருச்சு. வாய்க்கு வந்தத எடுத்து வீசினா. “எட்டு, மூணு, பூஜ்யம், ஒம்பது! போங்க எல்லாரும்!”

போனாங்க. யாரும் பட்டம் கேக்கல, கிராஃப் கேக்கல. பத்து நிமிஷத்துல ஹாஸ்டலே காலி. நம்பர் கடை வரிசை ரோடு வரைக்கும் நீண்டுச்சு. அதுல கடைசியா, துப்பட்டாவால மொகத்த மூடிக்கிட்டு, நனைஞ்ச ரிங்கிட் நோட்டு ரெண்ட ஊதி ஊதிக் காய வச்சுக்கிட்டு நின்னது அதிரா.