கழுத்தைத் தவிர நீலம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
18-6-1972

மேற்கு ஜெர்மனியில் இஞ்சினீயராக இருக்கும் சிரஞ்சீவி மைத்துனன் ஏகாம்பரத்துக்கு, உன் அக்காள் கமலாட்சியின் புருஷன் நமச்சிவாயம் ஆசி கூறி எழுதுவது. இங்கே என் முகம் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். முகமும் இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சௌக்கியமாகிவிடும். உன் கல்யாணத்தில் எனக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அதைச் சொல்ல இதை எழுதவில்லை. சொன்னால் நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாய், அப்பேர்ப்பட்ட செய்தி இருக்கிறது.

நீ அனுப்பிய சீமைச்சாமந்தித் தைலம் வந்தது. குப்பி விரல் நீளம், அதற்கு உன் உபதேசம் நாலு பக்கம். வெந்நீரில் சில சொட்டு விட்டு ஆவி பிடித்தால் மனம் சாந்தமடையும், தேங்காய் எண்ணெயில் கலந்து தடவினால் சவரம் செய்த இடத்தில் வரும் தடிப்பும் அரிப்பும் அடங்கித் தோல் மிருதுவாகும், கலக்காமல் மட்டும் தடவக் கூடாது என்று எழுதியிருந்தாய். என் மனம் சாந்தமடைய வேண்டியிருக்கிறது என்று உனக்கு எழுதியது யார் என்று உன் அக்காளைக் கேட்டேன். அவளுக்கு உடனே அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்துவிட்டது.

எங்கள் நெசவாளர் சங்கத் தலைவர் தேர்தல் உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பி.ஏ. படித்த நான் நிற்கிறேன், எட்டாவது தாண்டாத என் பங்காளி கைலாசம் ஜெயிக்கிறான். போன தடவை, யார் யார் சரிகையில் ஏமாற்றுகிறார்கள் என்று மேடையில் பெயர் பெயராகச் சொன்னேன். ஓட்டுப் போட வேண்டியவர்களும் அவர்களேதான் என்பது எண்ணும்போதுதான் தெரிந்தது. இந்தத் தடவையும் தோற்றால் இனி அந்தச் சங்கத்தின் படியை மிதிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தேன். எனவே தேர்தலன்று காலையில் முகம் பளபளவென்று இருக்கட்டும் என்று சவரம் செய்து, வழக்கம்போல் படிகாரம் தேய்த்து, உன் குப்பியைத் திறந்தேன். அளவு சொல்ல நீ யார் என்ற நினைப்பில் பாதிக் குப்பியை அப்படியே பூசினேன். ஏகாம்பரம், மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாக இருக்கிற பூவின் தைலம் கருநீலமாக இருக்கும் என்று அந்த நாலு பக்கத்தில் ஒரு வரி எழுதக் கூடாதா?

கண்ணாடியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் சாயப்பட்டறைக்காரன் வீட்டில் பிறந்தவன். பட்டு நூலை முதலில் படிகாரத் தண்ணீரில் நனைத்து, பிறகு சாயத்தில் முக்கினால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று நடக்கப் பழகும்போதே கற்றவன். அதே வேலையை, அதே வரிசையில், என் முகத்துக்கே செய்துகொண்டிருக்கிறேன்!

சத்தம் கேட்டு வந்த உன் அக்காள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஐயோ, என்னாங்க இது! நம்ம சாமிக்குக் கழுத்து மட்டும்தான் நீலம். உங்களுக்குக் கழுத்தத் தவிர மீதியெல்லாம் நீலமா இருக்குதே!"

பக்கத்து வீட்டு இந்திராணி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, சின்ன காஞ்சிபுரம் கோயில் பக்கம் போயிடாதீங்க. பெருமாளுன்னு புடிச்சி நிக்க வெச்சிடுவாங்க!"

கமலாட்சி பதற்றத்தில் பயத்தமாவில் மஞ்சளைக் குழைத்து என் முகத்தில் தேய்த்தாள். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் தறியடியில் தூங்கும் பூனைக்குக்கூடத் தெரியும். அசல் கிளிப்பச்சை. "கரை மட்டும் அரக்குல போட்டா முகூர்த்தப் புடவைதான்" என்று சிரித்தாள். அப்படிச் சிரிக்கிறவள் உன் அக்காள்.

வேறு வழியில்லாமல் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, பல்வலி என்று சைகை காட்டியபடி கூட்டத்துக்குப் போனேன். மீதித் தைலமும் அவசரத்தில் அந்தத் துண்டிலேயே கொட்டியிருந்தது. கைலாசம் விடுவானா? "என்னாப்பா நமச்சிவாயம், வாயில கொழுக்கட்டையா? யாரையும் திட்டலியே!" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வழக்கமாக நாற்காலி பறக்கிற கூட்டம் அது. அன்றைக்கு என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் கண்ணை மூடி, கச்சேரி கேட்பவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கணக்கு வாசித்தபோதுகூட ஒருவரும் கத்தவில்லை. முன்வரிசையில் இருந்த கோதண்டபாணி, போன வருஷம் என்மேல் சோடா பாட்டில் வீசியவர், எழுந்து நின்றார். "இத்தினி வருசத்துல இந்த மனுசன் வாயத் தொறக்காம குந்திக்கினு இருந்து பாத்துக்கிறீங்களா? பொறுமை வந்துட்ச்சிப்பா. இவரையே போடுங்க!" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள், ஏகாம்பரம்! கைலாசத்தின் மருமகன்கூடத் தூக்கினான்! நான் தலைவர்!

இது அந்தப் பூவின் மகிமையல்லாமல் வேறென்ன? வாசனை சபையையே அடக்கியது, என் குணத்தையும் புரட்டிப் போட்டுவிட்டது. பச்சை வெளுத்துக்கொண்டு வருகிறது, உள்ளே தோல் குழந்தைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது. இப்போதெல்லாம் எனக்குக் கோபமே வருவதில்லை. கைலாசத்தையும் மன்னித்துவிட்டேன். உன்னையும், அந்த இரண்டாம் பந்தி விஷயத்தில், ஏறக்குறைய மன்னித்துவிட்டேன்.

காமாட்சி கடாட்சத்தால் நீயும் உன் சம்சாரமும் அந்தக் குளிரில் நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும். உன் அக்காள் ஆசி சொல்லச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர் நமச்சிவாயம், பி.ஏ.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் நிர்வாகக் குழுவின் முதல் கூட்டம் வந்துவிட்டது. துண்டு இல்லாமல் சுத்தமான முகத்தோடு போனேன். கைலாசம் எனக்கு மாலை போட்டு, "இனிமே நமச்சிவாயம் ஒழுங்கா இருப்பாருப்பா" என்றான். அந்த "இனிமே"வுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத்தான் எழுந்தேன். பழையபடி பெயர் பெயராகக் கேட்டு முடித்து உட்காரப் போனபோது தலைவர் நாற்காலியில் கைலாசம் இருந்தான். நானே ராஜினாமா செய்ததாக ஊரில் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். மேலே கையெழுத்தில் முதல் இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டுப் படிக்கவும்.