எல்லாக் கேள்விக்கும் சரி

"அக்கா! நெக்ஸ்ட் அமுக்கணுமா, கேன்சல் அமுக்கணுமா?" என்று கவுண்ட்டரிலிருந்து குரல் வந்தது.

சிஸ்டம் மேடம் அப்போது மேனேஜரின் மேசைக்கு அடியில், ஒயர்களுக்கு நடுவில், முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல நிமிர்ந்தவளின் தலை மேசையில் 'டங்'கென்று இடித்தது.

"மெதுவா மேடம், மேசை புதுசு" என்றார் மேனேஜர்.

தலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. அன்றைய கோபத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அது ஒரு பார்சல் அலுவலகம். முன்னால் கவுண்ட்டர், பக்கத்தில் எடை போடும் இடம், பின்னால் அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து, சந்தின் முடிவில் மேனேஜர் அறை. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்ப்பது நம் சிஸ்டம் மேடத்தின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதே இல்லை.

தலைமை அலுவலகம் புதிதாக ஒரு புரோகிராம் அனுப்பியிருந்தது. ரசீது போட, பார்சல் எங்கே போகிறதென்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாம். எல்லா மிஷினிலும் அதை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அது சும்மா ஏறுகிறதா? பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கேள்வி மேல் கேள்வி. நிபந்தனைகளுக்குச் சம்மதமா? எந்த இடத்தில் உட்காரட்டும்? கிளையின் தொலைபேசி எண் என்ன? அந்த எண்தான் ரசீதின் தலையில் அச்சாகும். தலைமை அலுவலகத்துத் திரையிலும் இந்தக் கிளையின் பெயருக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கூப்பாடு. கவுண்ட்டர்க்காரியாவது கேட்டுவிட்டு அமுக்கினாள். எடை போடும் அண்ணன் கேட்காமலே 'சம்மதம் இல்லை' என்று அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"படிக்காம எதுக்கும் சம்மதம் சொல்லக் கூடாதும்மா. எங்கப்பா சொல்லியிருக்காரு."

"அப்ப படிச்சிட்டுச் சொல்லுங்களேன்!"

"அது இங்கிலீஷ்ல இருக்கே."

மேனேஜர் சந்து வழியாக வந்து நின்றார். "ஒரு புரோகிராம் ஏத்த இவ்வளவு அமர்க்களமா? அக்கரையில புதுக் கிளை திறக்கறாங்க, தெரியுமில்ல? ஒரு ஆளைக் கேட்டிருக்காங்க. தலைமை அலுவலகத்துலேருந்து நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போன் வரும். யார் பேரைச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

யோசிக்கிறாராம்! சொல்லும்போது கண் அவள் மேல்தானே இருந்தது.

அக்கரைக் கிளை என்றால் இரண்டு பஸ் மாறி, ஆற்றைப் படகில் தாண்டிப் போக வேண்டும். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவள் வீடோ இப்போது இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவை நம்பித்தான் அவள் பிழைப்பே ஓடியது. வீட்டில் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். கணவனுக்கோ லாரியோடு ஊர் ஊராகப் போகும் வேலை. மதியம் அவள் ஓடிப்போய் மருந்து விட்டுவிட்டு ஓடி வருவாள். அக்கரைக்குப் போய்விட்டால் அந்தக் கண்ணுக்கு யார் மருந்து விடுவது?

இதை மேனேஜரிடம் சொல்லாமல் இல்லை. "எல்லார் வீட்லயும் ஒரு கண் இருக்கத்தான் செய்யும் மேடம்" என்றார் அந்தப் புண்ணியவான்.

இதற்கு நடுவில் அவள் போன் அடித்தது. மாமனார்.

"அம்மாடி, தண்ணி கேன்காரன் வந்து நிக்கிறான். ஒண்ணு போதுமா ரெண்டான்னு கேக்கறான்."

"ரெண்டு மாமா."

வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. "அம்மாடி, இஸ்திரிக்குத் துணி இருக்கான்னு கேக்கறாங்க." அதற்குப் பிறகு, "அம்மாடி, மாடி வீட்டுப் பொண்ணு ஏணி கேக்குது."

இங்கே மிஷின் கேட்கிறது. அங்கே மாமனார் கேட்கிறார். அவள் பொறுமை அத்தோடு அறுந்தது.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. யார் என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடுங்க. என்னைக் கூப்பிடவே வேண்டாம்."

"என்ன கேட்டாலுமா?"

"என்ன கேட்டாலும்! 'சரி'. அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், விசாரணை வேண்டாம்."

"சரி" என்றார் மாமனார், அப்போதே பழகிக்கொள்கிறவர் போல.

போனை வைத்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. மாமனாருக்குச் சொன்னதை இந்த மிஷினுக்கும் சொன்னால் என்ன? கேள்விகளுக்கான பதில்களையெல்லாம் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, 'வாயைத் திறக்காமல் ஏறு' என்று ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதுமே! திரையில் ஜன்னல் திறக்காது, நெக்ஸ்ட் கேட்காது, எடை அண்ணனின் அப்பா குறுக்கே வர மாட்டார்.

தன் இடத்தில் உட்கார்ந்தாள். கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தாள். சம்மதமா என்பதற்குச் சம்மதம். எங்கே என்பதற்கு வழக்கமான இடம். தொலைபேசி எண் வந்தபோதுதான் கை நின்றது. கிளைக்குப் புது இணைப்பு கொடுத்திருந்தார்கள், எண் மேனேஜருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டால் இன்னும் ஒரு பிரசங்கம். சோதனைக்குத்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, விரல் நுனியில் இருந்த தன் வீட்டு எண்ணைத் தட்டினாள்.

நீங்களும் நானும் இப்படி எத்தனை 'பிறகு' பார்த்திருக்கிறோம்!

சோதனை நன்றாக நடந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதே கட்டளையை எல்லா மிஷினுக்கும் அனுப்பினாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. கவுண்ட்டர்க்காரி டீ குடித்துவிட்டு வருவதற்குள் புரோகிராம் எல்லா மிஷினிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

"மந்திரம் போட்ட மாதிரி இருக்குக்கா!" என்றாள் கவுண்ட்டர்க்காரி.

மேனேஜர் வந்து பார்த்தார். "தானா ஏறிடுச்சா? அப்ப உங்களுக்கு இங்க என்ன வேலை?"

பாருங்கள் நியாயத்தை! மெதுவாகச் செய்தால் அமர்க்களம். வேகமாகச் செய்தால் வேலையே இல்லை.

"நாளைக்கு யார் பேரைச் சொல்றதுன்னு இப்ப முடிவாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கையை வீசிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்த கையோடு ஒருவர் உடைந்த பூச்சாடியோடு வந்தார். "புதுசு வாங்கித் தரேன்னு சொன்னீங்களே, எங்கே?"

"யாருங்க சொன்னது?" என்றாள் கவுண்ட்டர்க்காரி.

"ரசீதுல இருக்கற நம்பருக்குப் போன் பண்ணினேன். ஒரு பெரியவர் எடுத்தார். 'உடைஞ்சு போச்சு, புதுசு தருவீங்களா?'ன்னேன். 'சரி'ன்னார். எவ்வளவு தங்கமான மனுஷன்!"

அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள். வீட்டுக்கே வந்து பீரோவை எடுத்துக்கொண்டு போவதாகப் பெரியவர் ஒப்புக்கொண்டாராம். அதற்குப் பின்னால் ஒரு தம்பி. பறவைக் கூண்டைப் பறவையோடு அனுப்பலாமா என்று கேட்டதற்கும் 'சரி'யாம். கூண்டுக்குள்ளிருந்த கிளி, கிளையின் விதிமுறைகளைப் பற்றிக் கவலையே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தது.

சிஸ்டம் மேடம் ஒரு ரசீதை வாங்கிப் பார்த்தாள். தலையில் அவள் வீட்டு எண், கொட்டை எழுத்தில்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். லைன் பிஸி. மறுபடியும் போட்டாள். பிஸி. பிஸியாகத்தானே இருக்கும்! எல்லாருக்கும் 'சரி' சொல்லிக்கொண்டிருக்கிறாரே மனுஷர். ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால் மேனேஜர் சந்தின் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். "இதைச் சரி பண்ணாம வாசப்படி தாண்டக் கூடாது."

புது எண்ணை அவரிடமே கேட்டு வாங்கினாள். பதில் கோப்பில் திருத்தினாள். கட்டளையை மறுபடியும் தட்டினாள். வழக்கம் போலச் சத்தமே இல்லாமல் முடிந்தது.

"இப்ப ஒரு ரசீது போட்டுப் பாரு" என்றாள்.

கவுண்ட்டர்க்காரி போட்டாள். அதே வீட்டு எண்.

நடந்தது இதுதான். கட்டளை ஒவ்வொரு மிஷினுக்கும் போயிருக்கிறது. 'புரோகிராம் ஏற்கெனவே இருக்கிறதே, நமக்கு இங்கே என்ன வேலை' என்று பேசாமல் திரும்பியிருக்கிறது. அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறக்காதே என்று சொன்னதே அவள்தான்!

"வந்தோம், பார்த்தோம், போனோம்னு போயிருக்கு. என்ன திமிர் பாரு!" என்று பல்லைக் கடித்தாள். "இரு, பழசை வேரோட பிடுங்கிட்டுப் புதுசை ஏத்தறேன்."

அதற்கும் ஒரு வரி. அதற்கும் கேள்வி இல்லை. பிடுங்கிய கையோடு மிஷின் தன்னை ஒருமுறை அணைத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் உடையது. சாதாரணமாக 'இப்போது அணைக்கட்டுமா, அப்புறமா?' என்று கேட்கும். இன்று கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று உத்தரவாயிற்றே.

எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் இருண்டன.

கவுண்ட்டரில் வாசல் வரை வரிசை. எடை அண்ணன் தூக்கிய பெட்டியை இறக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். மேனேஜர் அறையிலிருந்து ஓர் அலறல். "காலையிலேருந்து அடிச்சதெல்லாம் போச்சு!" கிளி சந்தோஷமாக அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தது.

மிஷின்கள் உயிர் பெற்றன. புரோகிராம் புதிதாக ஏறியிருந்தது. கவுண்ட்டர்க்காரி ஒரு ரசீது போட்டாள்.

"அக்கா..."

"சொல்லாதே."

"அதே நம்பர்க்கா."

புரோகிராமைப் பிடுங்கினாலும் பழைய பதில்களை அது ஓர் ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகுமாம். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்துக்கொள்ளுமாம். இவ்வளவு நன்றியுள்ள பிராணியை அவள் மனிதர்களில்கூடப் பார்த்ததில்லை.

ஒருவழியாக அந்த ஓரத்தையும் தேடிப் பிடித்துத் துடைத்தாள். இந்த முறை வாய்ப்பூட்டு போடவில்லை. ஒவ்வொரு மிஷினாகப் போய், ஒவ்வொரு கேள்விக்கும் தன் கையால் பதில் சொன்னாள். எடை அண்ணனிடம் சம்மதத்தை அமுக்கச் சொல்லி, அவர் அமுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கடைசியில் கிளையின் எண்ணோடு ரசீது வந்தது.

வந்து என்ன பயன்? மேனேஜர் மேசை மேல் போனை வைத்து, அதற்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கூப்பிடலை. எப்ப வேணா கூப்பிடுவாங்க. உங்க பேரைச் சொல்லிட்டு நிம்மதியாச் சாப்பிடப் போவேன்."

"சார், இத்தனை நாள் இந்த மிஷினுங்க ஒழுங்கா ஓடினது யாராலன்னு நினைக்கிறீங்க? ஒரு நாள் தப்பு நடந்தா ஊரே பார்க்குது. நடக்காத நாளெல்லாம் யார் கண்ணுக்குத் தெரிஞ்சுது?"

"அதையெல்லாம் அக்கரையில போய்ச் சொல்லுங்க மேடம்."

மருந்து விடும் வேளை வேறு வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் நடக்கும்போதே சண்டை போட்டுக்கொண்டு போனாள். மேனேஜரோடு கொஞ்சம், மிஷினோடு கொஞ்சம், மிச்சமெல்லாம் மாமனாரோடு.

மாமனார் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஒரு கண்ணில் கட்டோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வா அம்மாடி. இன்னிக்கு நல்ல பொழுதுபோக்கு. காது வலிக்குது, ஆனா மனசு நிறைஞ்சிருக்கு."

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? கேட்டவங்களுக்கெல்லாம் சரி சரின்னா? எவனோ பூச்சாடிக்காரன், எவனோ கிளிக்காரன்..."

"நீதானே சொன்னே? விளக்கம் வேண்டாம், விசாரணை வேண்டாம்னு."

அவள் மருந்துக் குப்பியை எடுத்தாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கட்டை மெல்ல அவிழ்த்தாள். அவர் கண்ணில் முதல் சொட்டு விழுவதற்கு முன்னால் அவள் கண்ணில் நிறைந்துவிட்டது.

"அழறியா?"

"இல்ல. என்னை அக்கரைக்கு அனுப்பப் போறாங்க மாமா. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள தலைமை அலுவலகத்துலேருந்து மேனேஜருக்குப் போன் வரும். அவர் என் பேரைச் சொல்லிடுவார். அப்புறம் உங்களுக்கு யார் மருந்து விடுவாங்க?"

"தலைமை அலுவலகமா?" மாமனார் மருந்து விட்ட கண்ணை மூடியபடியே யோசித்தார். "அவங்க காலையிலேயே இங்க கூப்பிட்டுட்டாங்களே அம்மாடி! 'மேனேஜர்தானே பேசறது?'ன்னு ஒரு அம்மா கேட்டாங்க, சரின்னேன். 'அக்கரைக்கு வேற யாரையும் தேட வேண்டாம், நீங்களே போயிடறீங்களா?'ன்னாங்க. மரியாதையாக் கேட்டாங்களேன்னு அதுக்கும் சரின்னுட்டேன்."