பதினேழு பத்தி அண்ணன்

வீட்டுக்கு ஒருவர் இருப்பார், எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதவர். ஒரு மின்விசிறி வாங்கவே மூன்று வாரம் எடுத்துக்கொள்வார். வீட்டில் யாருக்காவது பெரிய நோய் வந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம், மனிதருக்குப் பொற்காலம்தான்.

நம்முடைய அண்ணனின் அப்பாவுக்கு எழுபது வயது, ரத்தப் புற்றுநோய். மருந்தால் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. அது மறுபடி தலைதூக்குவதற்குள் இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றிவிட வேண்டும் என்று டாக்டர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் மடிக்கணினியைத் திறந்தார். வயதானவர்களுக்கு முழு வீச்சில் கீமோ கொடுத்துவிட்டு ஏற்றுவதா, வீச்சைக் குறைத்து ஏற்றுவதா, குறைத்தால் உடம்பு தாங்கும் சரி, நோய் திரும்பி வந்தால் என்ன செய்வது, முன்பின் தெரியாதவரின் முழுப்பொருத்தம் உசத்தியா, பெற்ற பிள்ளையின் பாதிப்பொருத்தம் உசத்தியா என்று ஓர் அட்டவணை, அதில் பதினேழு பத்திகள், பத்திக்கொரு நிறம். சொந்தபந்தம் வாயைப் பிளந்தது. அண்ணனும் அதை ரசித்தார். ஆறு வாரம் ஓடியது.

வெளியே தேடியதில் யாரும் பொருந்தவில்லை. தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் கொடுக்க முடியாது. மிச்சமிருந்தது யார்? அந்த ஆளுக்கு மட்டும் அட்டவணையில் இடமே இல்லை.

"அட்டவணை நல்லா இருக்கு. உங்க ரத்த மாதிரி எங்க?" என்றார் டாக்டர்.

"எந்த லேப் துல்லியம்னு ஒப்பிட்டுக்கிட்டிருக்கேன், டாக்டர்."

டாக்டர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "நோய் மறுபடி தலைகாட்டியிருக்கு. இன்னொரு சுற்று கீமோ குடுத்து அடக்கணும். இவர் உடம்பு தாங்குதான்னு பாக்கணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அண்ணன் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாதான் அவர் தோளைத் தட்டினார்.

"ஊசின்னா உனக்குச் சின்ன வயசுலேருந்தே பயம். அதை நேரா சொல்லியிருந்தா நான் கூட வந்து கையப் புடிச்சிருப்பேனேடா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களிடம் யாரோ ஒருவர் எதையோ கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்ற பதிலோடு திரும்பிப் போயிருக்கிறாரே, அவர் இப்போது எப்படியிருக்கிறார் என்று விசாரித்தீர்களா?