இருபத்து மூன்று மேகசின்களும் உரிமையாளர் கட்டமும்

ஸ்பெயினின் எய்பார் நகரில் துப்பாக்கி வைத்திருப்பவர் யாரும் இல்லை. அரசுப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஊராரும் அப்படித்தான் சொல்கிறார்கள். முதல் உலகப்போர் நாளில் சந்துக்குச் சந்து பட்டறை போட்டுச் செய்த கைத்துப்பாக்கிகள் என்ன ஆயின என்று கேட்டால், எல்லாம் போருக்குப் போய்விட்டன என்பார்கள்.

தோரிபியோ அரிஸ்மெந்தியிடமும் துப்பாக்கி இல்லை. கடைசல் வேலையில் ஓய்வுபெற்ற அவரிடம் இருந்தவை இருபத்து மூன்று மேகசின்கள்தான். தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிப் பிடிக்குள் சொருகும் தகரக் கூடுகள். மனைவி இறந்த பிறகு அவர் அதிகம் பேசியது அவற்றோடுதான். அடித்தட்டில் கொத்திய இரண்டெழுத்து, கொக்கி மாட்டும் பள்ளம், பக்கத்துத் துளைகள் என்று விரலால் தடவியே எந்தப் பட்டறைச் சரக்கு என்று சொல்லிவிடுவார்.

அந்த வருடம் தலைநகரில், எந்தப் பொருளும் எங்கிருந்து வந்தது என்று கண்டறியும் மூலமறிதல் மோகம் பரவியிருந்தது. வெங்காயத்துக்கு வம்சாவளிச் சீட்டு ஒட்டினார்கள். பாலாடைக்கட்டியில் ஆட்டின் பெயரை அச்சடித்தார்கள். அடுத்து மேகசினின் முறை: மூலம் அறியப்படாதவை முப்பது நாளில் உலையில் உருக்கப்படும் என்று ஆணை வந்தது.

தோரிபியோ மூலமறிதல் அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி கர்மெலே கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது எந்தப் பட்டறைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பாத்தாலே தெரியும்மா. இந்தப் பள்ளம் ஒரு மயிரிழை கீழ இருக்கு பாருங்க."

"உங்க கண்ணுக்கு அரசு அங்கீகாரம் இருக்கா?"

"டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு இருக்கு."

"அது கண்ணாடிக்கு. விதிப்படி, எந்தத் துப்பாக்கியில பொருந்துதோ அதைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டணும்."

இதில்தான் சிக்கல். எய்பார் பட்டறைகளில் அளவுகோலைவிட அரத்தை அதிகம் நம்பினார்கள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி தேய்த்துப் பொருத்தியதால், ஒன்றின் மேகசின் இன்னொன்றில் உட்காராது.

தோரிபியோ வீடு வீடாக ஏறினார். முதல் வீடு ரொட்டிக்கடை புருதென்சியோவுடையது.

"துப்பாக்கியா? எங்க வீட்லயா? நல்லாக் கேட்டீங்க அண்ணே, எங்க தாத்தா ஈ அடிக்கக்கூடக் கை ஓங்க மாட்டாரு." கதவைப் பாதி சாத்திவிட்டுத் தலையை மட்டும் நீட்டினார். "எந்தப் பட்டறை வேணும்?"

இப்படியே ஊரெங்கிலுமிருந்து 'இல்லாத' துப்பாக்கிகள் சமையல் துணியில் சுற்றி வந்தன. ஒரு வாரத்தில் இருபத்திரண்டு சேர்ந்தன. காய்கறி வண்டியில் வைத்து, மேலே முட்டைக்கோசு அடுக்கி, அலுவலகத்துக்கு இழுத்துப் போனார்.

ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் முகம் விளக்கு ஏற்றியது போல் ஆனது.

"உரிமையாளர் கட்டத்துல யார் பேரு?" என்றார் கர்மெலே. "காலியா விட்டா கணினி ஏத்துக்காது."

"துப்பாக்கி குடுத்தவங்க பேருதான்."

"அவங்ககிட்டத் துப்பாக்கி கிடையாதுன்னு பதிவேட்ல இருக்கே. அரசாங்கத்தைப் பொய்யாக்கச் சொல்றீங்களா?"

"அப்ப?"

"கொண்டுவந்தவர் பேரு. இல்லேன்னா உலை."

தோரிபியோ இருபத்திரண்டு கையெழுத்துப் போட்டார்.

கடைசி மேகசினுக்குத்தான் ஜோடி அகப்படவில்லை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கர்மெலே எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். மேசையின் கீழறையிலிருந்து ஒரு சமையல் துணி மூட்டையை எடுத்தார். 'க்ளிக்.'

"இது யாருதும்மா?"

"கட்டத்தைப் பாருங்க. உங்களுது."

பதினெட்டாம் நாள் ஆணை வந்தது. "மேற்படி மேகசின்கள் ஐயமற மூலமறியப்பட்டமையால், அவை வீட்டிலேயே இருக்க அனுமதிக்கப்படுகிறது. உரிமமின்றி இருபத்து மூன்று கைத்துப்பாக்கிகள் வைத்திருந்தமையால், உரிமையாளருக்கு அவ்வனுமதி மறுக்கப்படுகிறது."

ஊர் கொதித்தது. மதுக்கடையில் அன்றே மனு எழுதினார்கள். துப்பாக்கிகள் தோரிபியோவுடையவை அல்ல என்று கண்ணீர் வரும்படி எழுதியிருந்தது. கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம்: 'அவருடையவை அல்லவெனில், யாருடையவை?' புருதென்சியோ பேனாவை வாங்கி, மை இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தவருக்கும் மை இல்லை.

மனு இன்னும் மதுக்கடைச் சுவரில்தான் தொங்குகிறது. கர்மெலே மட்டும் மாதம் ஒருமுறை சிறையில் இருக்கும் தோரிபியோவுக்குப் பொரித்த மிளகாய் கொண்டுபோகிறார். உள்ளே விடுவதற்குமுன் காவலர் கேட்பார்:

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்ல," என்பார் கர்மெலே. "பரிதாபம்தான்."