நாலாம் விதிவிலக்கு

இனிமேல் இந்த வீட்டில் எந்தப் பெரிய வேலையும் டெண்டர் விட்டுத்தான் நடக்கும் என்று மோகன்குமார் முடிவெடுத்தபோது, அவர் தலை நிறைய சோப்பு நுரை இருந்தது. கையில் காலி மக்கு. குழாய் ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு ஓய்ந்திருந்தது.

"மஞ்சு, தண்ணி வல்ல."

"மோட்டாரு ஓடிட்டுத்தானுங்க இருக்குது."

"ஓடி என்ன பிரயோசனம்? போர் வத்திப்போச்சு."

"வத்துனாப்பல தெரியலீங்க. அண்ணனுக்கு ஒரு போனைப் போட்டு, ஒருக்கா மோட்டாரைத் தூக்கி..."

"போடாதே."

அந்த ஒரு சொல்லுக்குள் பன்னிரண்டு வருடத்துக் கோபம் இருந்தது.

மஞ்சுளாவின் அண்ணன் அப்புசாமிக்குத் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள் இரண்டு. மோகன்குமார் வீடு கட்டியபோது அவர்தான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, நானூறு அடியில் தண்ணீரைக் கண்டு கொடுத்தார். கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கதையே வேறு. வாங்காததால், அன்றிலிருந்து எப்போது வந்தாலும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். அண்ணாந்து பாதியைக் குடிப்பார். நாக்கைத் தட்டுவார். பிறகு, "நம்ம தண்ணி எப்பிடீங்க மாப்ளே?" என்பார்.

வீடு மோகன்குமார் பெயரில். வீட்டு வரி அவர் பெயரில். மின் இணைப்பு அவர் பெயரில். தண்ணீர் மட்டும் மச்சான் பெயரில். பதவி உயர்வுக்காக அலுவலகத்தாரை விருந்துக்கு அழைத்தபோது, செயல் அலுவலர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கே மோகன்" என்றார். மோகன்குமார் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இலையிலிருந்து பதில் வந்தது. "நம்ம தண்ணிங்க சார்." அன்று முதல் அலுவலகத்தில் யாரும் அவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. "மச்சான் தண்ணி சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே, போர் வற்றியது அவருக்குத் துக்கம் தரவில்லை. விடுதலையாக இருந்தது. புதுப் போர் போடலாம். வேறு யாராவது போடலாம். முதன்முதலாகத் தன் வீட்டில் தன் தண்ணீரைக் குடிக்கலாம்.

அதற்கு வழி அவருக்குத் தெரியும். பேரூராட்சி அலுவலகத்தில் டெண்டர் பிரிவு அவருடையது. பதினோரு வருடங்களாக, விதிவிலக்குக் கேட்டு வந்த ஒரு கோப்பும் அவர் மேசையைச் சுலபமாகத் தாண்டியதில்லை. 'அவசரம்' என்று எழுதி வந்தால், அவசரம் எத்தனை மணிக்குப் பிறந்தது, அதுவரை அதைப் பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்.

தலையைத் துவட்டியதும் துவட்டாததுமாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்; ஊரிலிருந்த மூன்று ரிக்காரர்களுக்கும் நகல் அனுப்பினார். அறுநூறு அடி ஆழ்துளைக் கிணறு அமைக்க மூடி முத்திரையிட்ட உறைகளில் விலைப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன. கடைசி நாள் அடுத்த வாரம் சனிக்கிழமை. பிரிக்கும் நேரம் மறுநாள் ஞாயிறு காலை பதினொரு மணி. மூன்றாம் நிபந்தனை: வீட்டாரின் நெருங்கிய உறவினர் பங்கேற்க இயலாது.

மஞ்சுளா கரண்டியோடு வந்து நின்று முழுவதையும் படித்தாள்.

"அப்ப அண்ணன் வரமுடியாதுங்க."

"சட்டம் அப்படி. கவுன்சிலர் தம்பியே எங்க ஆபீஸ்ல டெண்டர் போட முடியாது. உங்கண்ணன் எம்மாத்திரம்?"

"சரிங்க."

மஞ்சுளா 'சரிங்க' என்றால் பேச்சு முடிந்தது என்று பொருளில்லை. இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் மோகன்குமார் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, விதின்னா விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்குமுங்களே. அதையும் சொன்னீங்கன்னா எழுதி வெச்சுக்குவேன்."

அலுவலகத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் விதிவிலக்கு வேண்டுமென்றுதான் வருவார்கள். விதிவிலக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்று ஒருவரும் வந்ததில்லை. மோகன்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்க. ஒண்ணு, இயற்கைப் பேரிடர். வெள்ளம், தீ, கொள்ளைநோய், மற்றும் இவற்றை ஒத்தவை. அப்ப டெண்டர் இல்லாம வாங்கலாம். ரெண்டு, அந்தப் பொருள் ஒருத்தர்கிட்ட மட்டும்தான் கிடைக்கும்னா, போட்டி எதுக்கு? அவருக்கே குடுக்கலாம். மூணு, இன்னொரு அரசுத் துறைகிட்டயே வாங்கறது."

"நம்மளுக்கு அரசுத் துறை எங்கீங்க. நாலு?"

"நாலு, சில்லறை வேலை. பல்பு மாத்தறது, குழாய்க்கு வாசர் போடறது, பைப்பு ஒட்டறது. ரெண்டாயிரம் ரூவாய்க்குள்ள இருந்தா டெண்டர் வேண்டியதில்ல. பொறுப்பு அலுவலரே முடிச்சுக்கலாம்."

"இந்த ஊட்டுல பொறுப்பு அலுவலரு ஆருங்க?"

"நீதான். பல்புக்கெல்லாம் நான் லீவு போட்டுட்டு வர முடியுமா?"

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

போட்டார். தேதியும் போட்டார். பிளஸ் டூ படிக்கும் மகள் கிருத்திகாவைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்தாள் மஞ்சுளா. இப்படி ஒரு மனைவி தன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் தணிக்கைக்காரர்கள் வந்து காபி மட்டும் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த பத்து நாளும் மோகன்குமார் இரண்டு கேன்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு தெருக்குழாய்க்கும் வீட்டுக்குமாக ஓடினார். குளியல் அரை வாளியில் முடிந்தது. சட்டை ஒன்றுவிட்டு ஒருநாள் துவைக்கப்பட்டது. ஆனாலும் முகத்தில் ஒரு தேஜஸ் இருந்தது. நேர்மையாக நாறுவதில் ஒரு பெருமை உண்டு.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கூடத்தில் பாய் விரித்து மூன்று உறைகளையும் பிரித்தார்.

முதல் உறையில் விலை இல்லை. "ஐயா, விசாரிச்சதுல இது அப்புசாமியண்ணன் தங்கச்சி ஊடுன்னு தெரிஞ்சுதுங்க. ஒரு ரிக்காரர் தங்கச்சி ஊட்டுல இன்னொரு ரிக்காரர் வண்டியை நிறுத்தறது மொறையில்லீங்க" என்று இருந்தது. இரண்டாம் உறையிலும் அதுவே. கூடுதலாக அண்ணனுக்கு வணக்கம் சொல்லச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் உறையில், அப்புசாமியண்ணன் தங்கச்சி குடும்பத்தாருக்கு என்று எழுதிய ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது.

மஞ்சுளா நோட்டைப் புரட்டினாள்.

"ரெண்டாம் விதிவிலக்குங்க. ஒருத்தருகிட்ட மட்டும்தான் கெடைக்கும்னா அவருக்கே குடுக்கலாமுன்னு இருக்குது."

"ஊருக்குள்ள மூணு பேரு வரமாட்டேன்னா, உலகத்துல ஒருத்தர்தான் இருக்காருன்னு அர்த்தமா? தள்ளுபடி."

அப்போதே வாழப்பாடியில் ஒரு ரிக்காரரைப் போனில் பிடித்தார். அவருக்கு அப்புசாமி என்றால் யாரென்றே தெரியவில்லை. மோகன்குமாருக்கு அந்தக் குரலைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

"நாளைக்கே வண்டி வருதாம் மஞ்சு."

"நாளைக்கேவா? மறு டெண்டருக்குத் தேதி குடுக்கோணுமுங்களே. ஏழு நாளாச்சும். நாளைக்கு ஆராச்சும் ஒரு வார்த்தை கேட்டா உங்க பேருதானுங்க கெடும்."

மோகன்குமார் ஒரு கணம் மனைவியை உற்றுப் பார்த்தார். சொந்த அண்ணன் பக்கம் பேசாமல் விதியின் பக்கம் பேசுகிறாள். கண் லேசாகக் கலங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பிரிக்கறோம்" என்று வாழப்பாடிக்குச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலையில் கெங்கவல்லியிலிருந்து போன் வந்தது. அவருடைய அக்கா சுப்பம்மாள், மாரியம்மன் நோம்பிக்கு மறுநாளே வருகிறாள். பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்தி, சம்பந்தி வீட்டார் சேர்த்துப் பதினான்கு பேர்.

அலுவலகத்துக்குக் கிளம்பியவரை மஞ்சுளா நோட்டும் பேனாவுமாக வாசலில் மறித்தாள்.

"ஒண்ணாம் விதிவிலக்குங்க. இதுல ஒரு கையெழுத்து."

படித்தார். 'மேற்படி உறவினர் வருகையை இயற்கைப் பேரிடராகக் கருதி, டெண்டரிலிருந்து விலக்களித்து உத்தரவிடலாம்.'

"எங்கக்கா வர்றது பேரிடரா?"

"நா அப்பிடிச் சொல்லுவனுங்களா? உங்கக்கா எனக்கு நங்கையா மட்டுமில்லீங்க, தாயாட்டம். வெள்ளம், தீ, கொள்ளைநோய், மற்றும் இவற்றை ஒத்தவைன்னு சொன்னது நீங்க. இவற்றை ஒத்தவைல நங்கையா வருவாங்களா மாட்டாங்களான்னு நீங்கதானுங்க முடிவு பண்ணோணும்."

"வரமாட்டாங்க."

"நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க. போன நோம்பிக்கு வந்தப்ப..."

"மஞ்சு, தள்ளுபடி. எழுதிக்க. தண்ணி லாரிக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு மத்தியானம் வந்துரும். போதுமா?"

"சரிங்க."

அன்று மோகன்குமார் மொபெட்டை ஓட்டவில்லை, மிதந்தார். இரண்டு விதிவிலக்கு, இரண்டு தள்ளுபடி. பேரூராட்சித் தலைவரால் முடியாதது அப்புசாமியின் தங்கையால் மட்டும் முடிந்துவிடுமா?

வியாழக்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தவர், தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தினார். அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, சுவர் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் லாரியைக் காணோம். வாசலில் மூன்றுகால் நட்டு, போரிலிருந்து பைப்பைத் தூக்கச் செயின் பிளாக் மாட்டியிருந்தது. அதன் கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கிரீஸோடு அப்புசாமி.

"வாங்க மாப்ளே" என்றார் அப்புசாமி. அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

மோகன்குமார் நேராக உள்ளே போனார். "இது யாரு உத்தரவு?"

மஞ்சுளா நோட்டை நீட்டினாள்.

'நாலாம் விதிவிலக்கின்படி சில்லறைப் பணி. மேலிருந்து மூன்றாவது பைப்பில் ஓட்டை. ஏறுகிற தண்ணீர் வழியிலேயே போருக்குள் திரும்பக் கொட்டியது. புதுப் பைப்பு ஒன்று மாற்றப்பட்டது. பொறுப்பு அலுவலர்: மஞ்சுளா.' கூடவே கடைச் சீட்டு, ஓட்டைப் பைப்பின் படம், கிருத்திகாவின் சாட்சிக் கையெழுத்து. செலவு இரண்டாயிரத்தில் பாதிகூட இல்லை.

நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு கோப்பை அவர் பார்த்ததில்லை. ஓட்டை பைப்பில்தான் இருந்தது. கோப்பில் இல்லை.

"போர் வத்தலியா?"

"மொத நாளே போருக்கிட்டப் போயிக் காதை வெச்சுக் கேட்டனுங்க. உள்ளுக்குள்ள மழையாட்டம் கொட்டற சத்தம். வத்துன போருல என்னத்தீங்க கொட்டும்? ரிக்கு ஊட்டுல பொறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதுங்களா? சொல்ல வந்தேன். நீங்கதான் போடாதேன்னுட்டீங்க."

"அப்ப அன்னைக்கே இந்த நாலாம் விதிவிலக்குல முடிச்சிருக்கலாமே?"

"அண்ணன் வண்டியோட ராய்ச்சூர்ல இருந்தாருங்க. நேத்துப் பொழுதோடதான் வந்தாரு. அதுவரைக்கும் நீங்க அறுநூறு அடிக்குத் துளை போடாம இருக்கோணுமல்லங்க?"

மோகன்குமாருக்கு மறு டெண்டர் ஞாபகம் வந்தது. ஏழு நாள் ஞாபகம் வந்தது. தன் கண் கலங்கியதும் ஞாபகம் வந்தது.

"அந்த ஒரே ஆளு, அந்தப் பேரிடரு, அதெல்லாம் எதுக்குக் கேட்டே?"

"நாலு நாளைக்கு ஒண்ணாச்சும் தள்ளுபடி பண்ணலீன்னா உங்களுக்கு ஒறக்கம் வராதுங்களே."

அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். அப்புசாமி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். எடுத்தார். அண்ணாந்து பாதியைக் குடித்தார். நாக்கைத் தட்டினார். மோகன்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்புசாமி சொம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சங்கிலியை எடுத்தார்.

"என்ன மச்சான், ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"சொல்லப்படாதுங்க மாப்ளே. தங்கச்சி கண்டிசன் போட்டுத்தான் வேலையே குடுத்துச்சு. 'நம்ம தண்ணி'ன்னு இனி ஒருவாட்டி வாயில வந்தா, அடுத்த வேலை வேற ரிக்குக்காம். எழுதிக் கையெழுத்து வாங்கிருச்சுங்க."

மோகன்குமார் திரும்பிப் பார்த்தார். கதவோரமாக நின்ற மஞ்சுளா, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். பன்னிரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற முள்ளை, அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு வரி நிபந்தனையில் எடுத்துப் போட்டிருந்தாள். அறுநூறு அடித் துளை போட்டாலும் கிடைத்திருக்காதது அது.

அதற்குள் வேன் வந்து நின்றது. சுப்பம்மாள் இறங்கினாள். பின்னாலேயே பதின்மூன்று பேர் இறங்கினார்கள். மஞ்சுளா குடத்தோடு ஓடினாள். சுப்பம்மாள் ஒரு சொம்பு குடித்தாள், இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்தாள், வாயைத் துடைத்தாள்.

"ஏஞ்சாமி, வழியெல்லாம் உப்புத் தண்ணியக் குடிச்சுட்டு வாரேன். இது இளநியாட்டம் இருக்குதே. ஆரு தண்ணி இது?"

அப்புசாமி சங்கிலியையே பார்த்தார். மஞ்சுளா குடத்தையே பார்த்தாள். பதில் சொல்லும் உரிமை பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, முறைப்படி, போட்டியில்லாமல் மோகன்குமாருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மச்சான் தண்ணீங்க்கா."